காலை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் திரைப்படத் தலைப்புகளின் எழுத்து வடிவம் பற்றி வந்த கட்டுரையை, சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒரே பக்கத்தை ஏழு துண்டாக எடுத்திருக்கிறாள். ஐந்தாவது துண்டு கை ஆடி மங்கிவிட்டது. மிச்சத்தை இரண்டு முறை படித்தேன். நான் ரங்கூனில் ஐம்பது ஆண்டுகளாகப் போர்டு எழுதிப் பிழைப்பவன். யாங்கோன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். கடைப் பலகை, லாரிக் கதவு, கோயில் வளைவு, கல்லறைக் கல் என்று எழுதாத இடம் இல்லை. சோறு போட்டது பர்மிய எழுத்து. தமிழ் எழுதக் கூப்பிட்டால் கூலி பேசாமல் போய்விடுவேன் என்பதை இங்குள்ள தமிழர்கள் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொண்டதில் எனக்கு நஷ்டம் அதிகம்.

கட்டுரையில் நல்ல செய்திகள் பல இருந்தன. ஒரு வரி மட்டும் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. தமிழ் எழுத்து உருண்டையானது, கோபத்தையும் அச்சத்தையும் காட்டும் கூர்மை அதில் இல்லை, அதனால்தான் தலைப்பு வரைபவர்கள் கத்தியையும் ரத்தத் துளியையும் எழுத்தோடு ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் பர்மிய எழுத்தைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

உருண்டை என்றால் பர்மிய எழுத்துதான் உருண்டை. பனையோலையில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்று இரண்டு மொழிக்காரர்களுமே வளைத்தார்கள் என்பார்கள். வளைத்தது போதும் என்று நாம் பாதியில் நிறுத்தினோம், அவர்கள் வட்டத்தை முடித்தே விட்டார்கள். அவர்களுடைய 'வ' முழு வட்டம். அந்த வட்டத்தின் தலை திறந்தால் 'ப'. அடி திறந்தால் 'க'வின் இன்னோர் ஓசை. வலப்பக்கம் திறந்தால் 'ங'. எழுத்தறிவில்லாதவனை 'வட்டத்தைக்கூட வட்டமாக எழுதத் தெரியாதவன்' என்றுதான் இங்கே சொல்வது வழக்கம். முதல் பர்மிய மௌனப்படம் வெளியானது 1920 அக்டோபர் 13. அந்த நாளை இன்றும் திரைப்பட நாளாகக் கொண்டாடுகிறார்கள். நூறு ஆண்டுகளாகப் பேயையும் காதலையும் போரையும் குடிகாரத் தகப்பனையும் இந்த வட்டங்களை வைத்துக்கொண்டே தலைப்பாக எழுதியிருக்கிறார்கள். பேய்ப் படம் என்றால் வட்டத்தின் வாய் ஒரு நூல் கூடுதலாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு ஏன் என்று தெரியாமலே வயிற்றைப் பிசையும். எழுத்தில் கூர்மை இருக்கிறதா என்று தேடுவதே தப்பான இடத்தில் தேடுவது. எழுத்தின் உறுப்புகளை எப்படி நிறுத்துகிறோம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிறுத்துகிறோம் என்பதில்தான் உணர்ச்சி இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அப்பாவிடமிருந்து பாதி, ஒரு குறும்படத்துக்குத் தலைப்பு எழுதப் போய் மீதி.

அப்பா இன்று போஜோக் தெரு என்று சொல்லப்படும் சாலையில் இருந்த சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் எழுதியவர். முகம் வரைகிறவர் வேறு, எழுத்து எழுதுகிறவர் வேறு. அப்பா எழுத்துக்காரர். தமிழ்ப் படங்கள் இங்கே ஓடிய காலத்தில் நான்கு மொழிகளில் ஒரே தலைப்பை எழுதுவாராம். 1964இல் கடைகளெல்லாம் அரசுடைமை ஆனபோது எனக்கு ஏழு வயது. தமிழும் சீனமும் ஆங்கிலமுமாக இருந்த கடைப் பலகைகளை அழித்து, 'மக்கள் கடை, எண் இத்தனை' என்று பர்மியத்தில் எழுதும் வேலை வந்தது. தான் எழுதிய பலகைகளைத் தானே அழித்தார். அந்த ஆண்டில் அதுதான் எங்கள் வீட்டு வருமானம். சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறிப் போனார், அப்பா போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் 'வேலை பாக்கி இருந்தது' என்பார்.

முப்பது ஆண்டுகள் கழித்து மொகல் தெருவில் ஒரு பலகையின் மேல்பூச்சு உரிந்தது. அடியில் அப்பா எழுதிய 'எண்ணெய்' தெரிந்தது. முழுதாக இல்லை. கால்களும் கோடுகளும் போய்விட்டன. சுழிகள் மட்டும் நின்றன. மூன்று சுழி, மறுபடியும் மூன்று சுழி. நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது: தூரிகையை முழுக்கத் தோய்த்து எழுத்தைத் தொடங்கும் இடம் சுழி, ஆகையால் அங்கே பெயின்ட் கனம். நேர்க்கோட்டுக்கு வரும்போது தூரிகை இளைத்துவிடும். தமிழ் எழுத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்தப் பலகையைத்தான் காட்டியிருப்பேன். இப்போது அந்தக் கட்டிடமே இல்லை.

இனி குறும்படம். என் அண்ணன் பேரனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து இருபது நிமிடச் சொச்சத்துக்கு ஒரு படம் எடுத்தார்கள். 1964இல் மகனைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே திரும்புகிற ஒரு தாயின் கதை. நடப்பதுதான் கதை, வேறொன்றும் நடக்காது. தலைப்பு: 'கப்பல் போன பிறகு'. பையன்கள் கணினி எழுத்தில் ஒரு மாதிரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். 'க'வின் வளைவில் ஒரு நங்கூரம் தொங்கியது. கீழே மூன்று அலை. இரண்டு புள்ளிகளுக்குப் பதில் இரண்டு கடற்பறவைகள்.

'தாத்தா, இதையே கொஞ்சம் கையால் எழுதியதுபோல ஆக்கிக் கொடுங்கள்' என்றான்.

'தம்பி, உன் படத்தில் கடல் எத்தனை நிமிடம் வருகிறது?' என்று கேட்டேன்.

'வராது தாத்தா. சங்கு ஊதுவது மட்டும் கேட்கும்.'

படத்தில் இல்லாத கடலைத் தலைப்பில் கொட்டுவானேன்? நங்கூரத்தைத் தூக்கி எறிந்தேன். 'ப' என்ற எழுத்தே மேலே திறந்த ஒரு தோணி மாதிரி இருக்கிறது என்று இன்னொரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான். அது யாருக்கும் முதலில் தோன்றுவது. அடுத்தவனுக்கும் தோன்றும் என்பதாலேயே அதை விட்டுவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். தலைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. பத்து முறை, இருபது முறை, வேறு வேலை செய்துகொண்டே. 'கப்பல்' என்பது சொல்லும்போதே வாயை மூடி அழுத்துகிறது. கனமான சொல், தரையில் உட்காருகிறது. 'பிறகு' தேய்ந்து போகிறது. நடுவில் இருக்கும் 'போன'தான் இழுக்கிறது. அந்த 'ஓ' நீளும் இடத்தில் துறைமுகமும் தாயும் மகனும் எல்லாம் இருக்கிறார்கள். ஆகவே 'போ'வில்தான் வேலை என்று முடிவு செய்தேன்.

'போ' எழுதிப் பாருங்கள். முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் ப, பின்னால் கால். ஒரே எழுத்து மூன்று துண்டாக நிற்கிறது. வேறு எந்த உறவும் இல்லாமல், பக்கத்தில் நிற்கும் ஒரே காரணத்தால் மூன்றும் ஓர் எழுத்து. அந்தக் காலை மட்டும் மெல்ல நகர்த்தினால்? எழுத்தே போகும். 'போ' என்று சொல்லிக்கொண்டே தன் உடம்பில் ஒரு பகுதியை அனுப்பிவைக்கும் எழுத்து. கத்தியும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். இதற்கு மேல் தமிழ் எழுத்திடம் என்ன கேட்பது?

கருப்பு அட்டையில் வெள்ளை போஸ்டர் கலரில் எழுதினேன். எழுத்தின் உயரம் மூன்று அங்குலம். கால் வழக்கமாக நிற்க வேண்டியது கால் அங்குலத் தூரத்தில் (சிரிக்காதீர்கள், அளவு அப்படி). முதல் தாளில் அரை அங்குலம் தள்ளினேன். ஒன்றும் தெரியவில்லை, கை தவறி எழுதியதுபோல இருந்தது. இரண்டாவது தாளில் ஒரு அங்குலம். இப்போது போவது தெரிந்தது, நெஞ்சில் ஏதோ இழுத்தது, எழுதியதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடைக்காரர் தமிழர், அவரைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்: 'கப்பல் பேரன் பிறகு.'

அட, ஆமாம். கால் தள்ளிப்போனால் முன்னால் இருப்பது 'பே' ஆகிவிடும். தனியாக நிற்கும் கால் 'ர' ஆகிவிடும். அடுத்து 'ன' வேறு காத்துக்கொண்டிருக்கிறது. பேரன! அண்ணன் பேரன் கேட்ட தலைப்பில் பேரனே வந்து உட்கார்ந்துகொண்டான். டீக்கடைக்காரர் மேல் தப்பில்லை. பழைய ஓலைகளில் காலும் ரகரமும் ஒரே வடிவம்தான். புள்ளியும் வைக்க மாட்டார்கள். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அச்சு வந்து ரகரத்துக்குக் கீழே ஒரு சாய்ந்த வால் கொடுத்த பிறகுதான் நமக்கு நிம்மதி. கண்ணுக்குப் பழைய சந்தேகம் இன்னும் போகவில்லை.

இங்கேதான் சோறு போட்ட எழுத்து கைகொடுத்தது. பர்மிய மொழியிலும் நம்மைப் போலவே கொம்பும் காலும் உண்டு. பின்னால் ஒலிக்கும் கொம்பை முன்னால் எழுதுவார்கள். ஓகாரம் போன்ற ஓசைக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், அச்சு அசலாக நம் கொ, போ. ஆனால் அவர்களிடம் கால் இரண்டு வகை, குட்டையும் நெட்டையும். வட்டமான 'வ'வுக்குப் பக்கத்தில் குட்டைக்கால் போட்டால் அது 'த' போல ஆகிவிடும். 'ப'வுக்குப் பக்கத்தில் போட்டால் 'ஹ' போல ஆகிவிடும். அதனால் குழப்பம் வரும் எழுத்துகளுக்கு மட்டும் நெட்டைக்கால். எவனோ ஒரு பழைய ஏடெழுதி, என்னைப் போலவே யாரோ தப்பாகப் படித்ததைக் கேட்டு நொந்துபோய்க் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது தாளில் காலை நெட்டையாக்கினேன். மற்ற எழுத்துகளின் தலைக்கோட்டைத் தாண்டி முக்கால் அங்குலம் மேலே. அடியில் வால் என்று சந்தேகப்படச் சிறிதும் இடமில்லாமல் தூரிகையை நேராக வெட்டி நிறுத்தினேன். தூரத்தை ஒரு அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலமாகக் குறைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். பதிமூன்று வயது; பள்ளியில் எல்லாம் பர்மியம், தமிழ் மட்டும் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பாள். எங்கள் ஊரில் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவளைப் போல்தான் படிப்பார்கள், ஆகவே அவள்தான் நீதிபதி. 'க...ப்...ப...ல்' என்று வந்தாள். 'போ'வுக்கு வந்ததும் கொம்பைத் தொட்டாள், ப-வைத் தொட்டாள், விரலைத் தூக்கிக் கொண்டுபோய்க் காலைத் தொட்டாள். 'போ...' என்றாள், நீளமாக. விரல் காற்றில் கடந்த அந்தத் தூரம் முழுக்கக் குரலும் நீண்டது. எனக்கு அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

அந்த நெட்டைக்காலைக் கப்பலின் பாய்மரம் என்று ஒருவர் பாராட்டினார். துறைமுகத்தில் நிற்கும் தாய் என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் நினைக்கவில்லை. பேரன் வராமலிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மற்றவை சின்ன வேலைகள். 'பிறகு'வை வறண்ட தூரிகையால் எழுதினேன். தூரிகையைத் தோய்த்து, பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, கரடுமுரடான தாளில் தட்டையாகப் படுக்கவைத்து ஒரே இழுப்பு, தயங்கினால் போச்சு. 'கு'வின் கீழே சுற்றும் வளைவு வரும்போது தூரிகையில் எதுவும் மிச்சமில்லாமல் தாளின் முடிச்சுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். பெரிய திரையில் அது அழகு. ஆனால் கைப்பேசியில் தலைப்பு இரண்டு விரல் அகலத்தில் தெரியும்போது அந்த அழகு தூசியாகிவிடுகிறது. ஆகவே சின்ன அளவுக்கென்று தனியாக இன்னொரு தாள் எழுதினேன்: வறட்சியைப் பாதியாகக் குறைத்து, புள்ளிகளைப் பெரிதாக்கி, 'ன'வின் சுழிகளை நன்றாகத் திறந்துவிட்டு. கருப்பில் வெள்ளை எழுத்து எப்போதும் பூரித்துத் தெரியும். சுழியின் உள்ளிடம் குறுகியிருந்தால் ஒளி வழிந்து அடைத்துவிடும், இரண்டு சுழி ஒரு கட்டியாகிவிடும். பெரிய எழுத்தை அப்படியே சுருக்கினால் சின்ன எழுத்து ஆகாது. இதைக் கணினிப் பையன்களுக்குப் புரியவைப்பதற்குள் மூன்று முறை மின்சாரம் போய் வந்துவிட்டது. இங்கே எங்களுக்கு வெளிச்சம் என்றால் ஜன்னல்தான், அதனால் காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் எழுதினேன்.

படத்தின் முதல் காட்சிக்கு 'சென்னை செல்லும் கப்பல், 1964' என்று ஒரு பலகை வேண்டும் என்றார்கள். அந்த 'னை'யை நான் பழைய முறையில், எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு போட்டு எழுதினேன். தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, 'னை' தப்பாகிவிட்டது என்று பையன்கள் தங்களுக்குள் பர்மியத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பர்மியம் தெரியாது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் தும்பிக்கைதான். ணா, றா, னாவுக்கும் கால் தனியாகக் கிடையாது, எழுத்தோடு சுருண்டு ஒட்டியிருக்கும். 1964இல் ஒரு பலகையில் இன்றைய 'னை' இருந்தால் அது கைக்கடிகாரம் கட்டிய ராஜா வேடக்காரன் மாதிரிதான். தங்கள் ஊரில் லட்சக்கணக்கில் செலவழித்து எடுக்கும் பழங்காலப் படங்களிலும் இந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். (எங்கள் கோயில் பலகைகள் சிலவற்றில் தும்பிக்கை இன்னும் இருக்கிறது. பக்தி காரணமில்லை, திரும்ப எழுதக் காசில்லை.)

இத்தனையும் செய்து கொடுத்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். விளம்பரத் தட்டி அச்சிட ஒரு கடைக்குக் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள். என் தாளின் படம் தெளிவில்லை என்று அவர்களாகவே தலைப்பைக் கணினியில் அடித்துவிட்டார்கள். ஓர் இரவு முழுக்க அந்த ஃபிளெக்ஸ் கோயில் வாசலில் தொங்கியது. நான்கு அடி அகலம். ப தனியாக நிற்கிறது; அதற்குப் பின்னால் இரட்டைக்கொம்பு; அதையொட்டிப் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம்; அதற்கப்புறம் கால். நான் முக்கால் அங்குலத்துக்கு மூன்று நாள் யோசித்த இடத்தில் கணினி ஒரு நொடியில் கொம்பைப் பின்னால் தள்ளி வட்டமும் போட்டுக் காட்டியிருந்தது. விடியற்காலை பூக்கொண்டுவந்த அம்மாள் ஒருவர், 'என்ன இது, புள்ளிக்கோலமா?' என்று கேட்டார்.

இது தமிழுக்கு மட்டும் வந்த வினை இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறிமுறையான யூனிகோடில் எழுத்தை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறார்கள்: முதலில் ப, பிறகு ஓகாரக் குறி. அதைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில், அல்லது இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறந்துவிடாத மென்பொருளில், குறி வந்த இடத்திலேயே நின்றுவிடும். சேர எழுத்தில்லையே என்று காட்டத்தான் அந்தப் புள்ளி வட்டம். பர்மியத்திலும் இதே கதை. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் அடிக்கும் 'ஸோஜி' என்ற எழுத்துருவை ஊரே பயன்படுத்தியது. 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறச் சொன்னார்கள். ஸோஜி என்பது பர்மியக் கதைகளில் வரும் ரசவாத சித்தர். சித்தர் லேசில் போகவில்லை. பல மாதம் ஒருவர் அனுப்பியது இன்னொருவருக்குக் குப்பையாகத் தெரிந்தது. எழுத்துருவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலுக்கும் வசன வரிக்கும் அதுதான் சரி. எழுத்துருவில் 'போ' எப்போதும் ஒரே 'போ'. இட்லிக் கடைக்குப் போனாலும் சாகப் போனாலும் கால் அதே தூரத்தில் நிற்கும். தலைப்புக்கு அது ஆகாது.

அமெரிக்கப் படங்களுக்குத் தலைப்பு வடிவமைத்த சால் பாஸைக் கட்டுரையாளர் நிறையப் புகழ்ந்திருந்தார், புகழ வேண்டியவர்தான். வெட்டிய காகிதம் போன்ற அவருடைய எழுத்துகளை நானும் ஒரு புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்திலேயே சத்யஜித் ராய் இருந்தாரே? விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துத் தேர்ந்த கை. தன் படங்களுக்கான தலைப்பெழுத்தையும் சுவரொட்டியையும் தானே வங்காள எழுத்தில் தூரிகையால் எழுதியவர். வங்காள எழுத்துகள் மேலே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கொடியில் காயும் துணி மாதிரி தொங்குபவை. அந்தக் கோட்டை அவர் எத்தனை விதமாக வளைத்தார்! நமக்குத் தொங்கக் கோடு கிடையாது, ஒவ்வொரு எழுத்தும் தன் காலிலேயே நிற்கிறது. அப்படியானால் நமக்கு வேலை இடைவெளியில்தான். தமிழில் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) புத்தக அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் எழுதிய தலைப்புகளைக் கட்டுரையில் காணோம், அல்லது அந்த மங்கிய ஐந்தாவது துண்டில் இருந்ததோ தெரியாது, இருந்தால் மன்னிக்கவும். கோட்டோவியம் போட்ட அதே கையால் எழுத்தையும் போட்டவர். யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு நாவலின் அட்டையில் அவர் எழுத்தை முதலில் பார்த்தபோது, நாவலைப் படிக்காமல் அட்டையைப் பார்த்து எழுதிப் பழகினேன். நாவல் சொந்தக்காரர் திரும்பக் கேட்டபோது அட்டையெல்லாம் பென்சில் கோடு.

ஒரே ஒரு கோரிக்கை. தங்கள் பத்திரிகையின் திரை விமர்சனத்தில் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சண்டைப் பயிற்சி வரை பெயர் போடுகிறீர்கள். தலைப்பை எழுதியவர் பெயரை ஒரு முறையும் பார்த்ததில்லை. படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே ஊருக்குள் வந்து நிற்பது அவருடைய வேலைதான். ஒரு வரி சேர்த்தால் பத்தி ஒன்றும் நீண்டுவிடாது.

எங்கள் பையன்கள் போட்டார்கள். படத்தின் கடைசியில் 'தலைப்பு எழுத்து' என்று என் பெயர் வந்தது. கணினி எழுத்தில் அடித்திருந்தார்கள். இரண்டு சுழி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சுழி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் பெருமையோடு என் முகத்தைப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மூன்று தாள்களையும் படமெடுத்து இத்துடன் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடிதம் நீண்டுவிட்டது, வெளியிட இடமில்லை என்றால் வருத்தமில்லை. இரண்டாவது தாளையும் மூன்றாவது தாளையும் கட்டுரையாளரிடம் மட்டும் காட்டுங்கள். எதையும் சொல்லிவைக்காமல் காட்டுங்கள். எந்தத் தாளில் அவருக்குப் பேரன் வருகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
போர்டு எழுதுகிறவன்,
யாங்கோன்.